பின் ஷாக்கை நாமே கட்டி, நம் எடைக்கு டியூன் செய்வது (சென்னை)

மண்ரோடு_மச்சான் (இழையைத் தொடங்கியவர்)

தனிச்செய்தியில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: "அந்தப் பின் ஷாக் எங்கே வாங்கினீங்க?" ஷாக் அப்சார்பரை வாங்கவில்லை, கட்டினேன். எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

வண்டியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் மூன்றாவது பதிவிலேயே கம்பெனிச் சண்டை தொடங்கிவிடும். 400 சிசியை ஒட்டிய அட்வெஞ்சர் வண்டி. பின்னால் லிங்கேஜோடு (சக்கரத்தின் அசைவை ஷாக்குக்குக் கடத்தும் இணைப்புகள்) ஒற்றை ஷாக். பின்சக்கரம் மேலும் கீழும் போகும் தூரம் 190 மி.மீ., அதற்கு ஷாக்கின் ஸ்ட்ரோக், அதாவது ஷாக் அமுங்கும் தூரம், 65 மி.மீ. விளம்பரத்தாளில் பார்த்த எண்கள் இல்லை, டேப் வைத்து அளந்தவை.

நான் கனமான ஆள். ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் சேர்த்து 105 கிலோ. ஜவ்வாது மலைப் பக்கம் கிளம்பினால் பின்னால் இன்னும் 25 கிலோ மூட்டை ஏறும். கம்பெனி ஷாக்கில் ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவை, தவிரத் திருகுவதற்கு ஒன்றும் கிடையாது. நான் மட்டும் உட்கார்ந்தாலே பின்பக்கம் 96 மி.மீ. இறங்கியது, அதாவது மொத்தப் பயணத்தில் பாதி. பின்பக்கம் அப்படித் தாழ்ந்தால் முன் ஃபோர்க் சாய்ந்துகொள்ளும், வளைவில் வண்டி வெளியே ஓடும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். மிச்சம் இருக்கிற பாதியும் பெரிய பள்ளத்தில் தீர்ந்து 'டங்' என்று அடி விழும்.

ப்ரீலோடை முழுக்க ஏற்றினேன். உட்காரும் அளவு, அதாவது ஸேக், 64-க்கு வந்தது. பயணத்தில் மூன்றில் ஒரு பங்கு என்கிற வழக்கமான கணக்குக்குச் சரிதான். ஆனால் நான் இறங்கிவிட்டு வெறும் வண்டியை அளந்தால் 4 மி.மீ. கூட இல்லை. இங்கேதான் விஷயமே இருக்கிறது. ஆள் ஏறிய ஸேக் சரியாக இருந்து, வெறும் வண்டி ஸேக் இல்லாமலே போனால் ஸ்பிரிங் மெலிசு என்று அர்த்தம். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, "வெறும் வண்டி கல்லு மாதிரி நிக்குது, அப்போ ஸ்பிரிங் ரொம்ப ஹார்டு" என்று இன்னும் மெலிசான ஸ்பிரிங்கைத் தேடுகிறார்கள்.

ஸ்பிரிங் எடையைத் தாங்கும். ஆயில் வேகத்தைக் கட்டுப்படுத்தும். ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் கொடுக்கக் கூடாது. நான் செய்த எல்லாமே இந்த வரிசையில்தான்: முதலில் அளவு, பிறகு ஸ்பிரிங், கடைசியில் ஆயில்.


ரெண்டு_சக்கரம்

அண்ணே, ஸேக் அளப்பது எப்படி என்று ஒரு வரி சொல்லுங்கள். சைடு ஸ்டாண்டிலேயே அளக்கலாமா?


மண்ரோடு_மச்சான்

சைடு ஸ்டாண்டில் வேண்டாம் தம்பி. சக்கரம் தரையைத் தொடாதபடி வண்டியைத் தூக்கி, பின் அச்சிலிருந்து நேர் மேலே சீட் பக்கத்தில் ஒட்டிய டேப் துண்டு வரை அளந்துகொள். அதுதான் முழு நீளம். பிறகு வண்டியை நேராகப் பிடித்து, பின்பக்கத்தை ஓர் அமுக்கு அமுக்கி மெதுவாக விட்டு அளந்தால் வெறும் வண்டி ஸேக். முழு உடுப்போடு ஏறி, பெக்கில் கால் வைத்து அளந்தால் ஆள் ஸேக். வண்டியைப் பிடிக்க ஒருவர், டேப்பைப் பார்க்க ஒருவர், ஆக உன்னோடு மூன்று பேர். எங்கள் தெருவில் இதற்கென்றே ஒரு டீக்கடைக் குழு இருக்கிறது. டேங்க் நிரம்பியிருக்கட்டும்.


புதுப்பேட்டை_பழசு

இவ்வளவு எதுக்குப்பா? ஷாக்கைக் கழற்று, பழைய ஆயிலைக் கொட்டிவிட்டு ஒரு படி கெட்டியான ஆயிலைப் போடு. ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்தெடுத்தால் ஹார்டாகிவிடும். எவ்வளவு பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறோம்.


கணக்குப்பிள்ளை

சுற்றை அறுத்தால் ஸ்பிரிங் விறைப்பாகும் என்பது உண்மை. வேலை செய்யும் சுற்றுகள் 6-லிருந்து 5 ஆனால் விறைப்பு 20 சதவீதம் கூடும். ஆனால் நீளமும் குறைகிறதே? அதை ஈடுகட்ட வாஷர் அடுக்குவீர்கள். கேஸ் கட்டரால் அறுத்திருந்தால் அந்த இடத்தில் கம்பியின் பதம் போயிருக்கும். அறுத்த முனை தட்டையாகவும் இருக்காது, அதனால் ஸ்பிரிங் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஷாஃப்டை (ஷாக்குக்குள் போய்வரும் தண்டு) தள்ளும், சீல் போகும். ஸ்கூட்டரில் எப்படியோ ஓடலாம். 200 கிலோ வண்டியில் மலையிறங்கும்போது எனக்கு வேண்டாம்.

மச்சான், உங்கள் எண்களை வைத்து ஒரு கணக்குப் போட்டேன். சக்கரம் 190 போக ஷாக் 65 போகிறது என்றால் சராசரி விகிதம் 2.92. ஸ்பிரிங்கின் விறைப்பை இந்த விகிதத்தின் வர்க்கத்தால், அதாவது சுமார் 8.5-ஆல், வகுத்தால் சக்கரத்தில் கிடைக்கும் விறைப்பு. பின்னச்சில் எவ்வளவு எடை நிற்கிறது?


மண்ரோடு_மச்சான்

டேங்க் நிரம்பிய நிலையில் 104 கிலோ. அதில் சக்கரம், ஸ்விங்ஆர்ம் (பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை) என்று ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பது 20 கிலோ என்று வைத்துக்கொண்டேன்.


கணக்குப்பிள்ளை

அப்படியானால் ஸ்பிரிங்கின் மேல் வண்டியின் பங்கு 84 கிலோ. உங்கள் 105-இல் 65 சதவீதம் பின்னால் விழுகிறது என்று வைத்தால் 68. மொத்தம் 152 கிலோ, சுமார் 1490 நியூட்டன். நைட்ரஜன் அடைத்த ஷாக் என்றால் வாயுவே ஷாஃப்டைக் கொஞ்சம் வெளியே தள்ளும். 16 மி.மீ. ஷாஃப்ட், 10 பார் அழுத்தம் என்றால் ஷாக்கில் 200 நியூட்டன், சக்கரத்தில் 70. அதைக் கழித்தால் 1420.

ஆள் ஸேக் 63 வேண்டும். 95 நியூட்டன்/மி.மீ. (ஒரு மி.மீ. அமுக்க 95 நியூட்டன்) ஸ்பிரிங்கில் அதற்கு 22 மி.மீ. ப்ரீலோடு தேவைப்படும், வெறும் வண்டி ஸேக் 3 மி.மீ.தான் மிஞ்சும். நீங்கள் அளந்த கதை அப்படியே வருகிறது பாருங்கள். 130 போட்டால் ப்ரீலோடு 10 மி.மீ. போதும், வெறும் வண்டி 19 மி.மீ. உட்காரும். 25 கிலோ மூட்டைக்கு இன்னும் ஐந்தரை மி.மீ. ஏற்றினால் சரியாகிவிடும்.

கிலோவில் பேசுபவர்களுக்கு, 130 என்பது மி.மீ.க்கு 13.25 கிலோ. பவுண்டு/அங்குலத்தில் சுமார் 740.


மண்ரோடு_மச்சான்

கழற்றிச் சோதித்தபோது கம்பெனி ஸ்பிரிங் 95-ஐ ஒட்டித்தான் இருந்தது. நீங்கள் சொன்ன 130-தான் நானும் போட்டேன்.

ஸ்பிரிங் செய்யக் கொடுக்கும்போது "ஹார்டா ஒண்ணு போடுங்க" என்று சொல்லக் கூடாது. கம்பியின் தடிமன், சுருளின் சராசரி விட்டம், வேலை செய்யும் சுற்றுகள், முழு நீளம் நான்கையும் எழுதிக் கொடுக்க வேண்டும். விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறும், சுருள் விட்டத்தின் மூன்றாம் அடுக்கில் இறங்கும். என்னுடையது 12.5 மி.மீ. கம்பி, 67.5 விட்டம், 6 சுற்று. இதே சுருளை 12 மி.மீ. கம்பியில் சுற்றியிருந்தால் 110-தான் கிடைத்திருக்கும். அரை மி.மீ.க்கு இருபது நியூட்டன். "12.5 ஸ்டாக் இல்லை சார், 12-லயே போட்டுடலாம், ஒண்ணும் தெரியாது" என்பார்கள். தெரியும்.

இன்னொன்று, முழுக்க அமுங்கினாலும் சுற்றோடு சுற்று முட்டக் கூடாது. மொத்தம் ஏழரைச் சுற்று, 12.5 கம்பி என்றால் முட்டும் உயரம் 94. ஸ்ட்ரோக் 65, ப்ரீலோடு அதிகபட்சம் 16, கொஞ்சம் இடைவெளி. முழு நீளம் 180 வைத்தேன். வந்த ஸ்பிரிங்கைப் பிரஸ்ஸில் வைத்து, அடியில் எடை காட்டும் லோடுசெல்லோடு 10 மி.மீ., 20 மி.மீ. என்று அமுக்கிப் பார்த்துத்தான் வாங்கினேன். 20 மி.மீ.க்கு 265 கிலோ காட்ட வேண்டும்.


அம்பத்தூர்_லேத்

நான்தான் மச்சானுக்குக் கீழ்க் கண் (ஷாக்கை வண்டியில் மாட்டும் வளைய முனை) செய்து கொடுத்தவன். இதைப் படித்துவிட்டு எல்லாரும் ஷாக்கைத் தூக்கிக்கொண்டு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்கு வந்துவிடுவீர்கள் என்று தெரிகிறது, அதனால் சில விஷயம்.

ஷாஃப்டைப் புதிதாகச் செய்யச் சொல்லாதீர்கள். ஹார்டு குரோம் கம்பி ஹைட்ராலிக் சிலிண்டர்காரர்களிடம் கிடைக்கும். ஆனால் ரீபவுண்டு (அமுங்கிய ஷாக் திரும்பி வருவது) ஊசி போக அதன் நடுவில் நீளத் துளை வேண்டும். அந்தத் துளை நேராகப் போகவில்லை என்றால் அத்தனை வேலையும் வீண். பழைய நல்ல ஷாக் ஒன்றின் பாடியையும் ஷாஃப்டையும் அப்படியே வைத்துக்கொண்டு, கண்ணையும் ஸ்பிரிங் இருக்கையையும் மட்டும் உங்கள் வண்டிக்கு மாற்றுங்கள். மச்சான் கொண்டுவந்தது 46 மி.மீ. பிஸ்டன், 16 மி.மீ. ஷாஃப்ட், பக்கத்திலேயே ஆயில் டப்பா ஒட்டிய பழைய ஷாக். கண்ணை இ.என். 24 இரும்பில் கடைந்தேன். வெல்டிங் எந்த இடத்திலும் கூடாது. வெல்டு வைத்த ஷாக்கோடு வந்தால் டீ வாங்கித் தந்து அனுப்பிவிடுவேன்.


மண்ரோடு_மச்சான்

அண்ணன் சொன்ன டீ உண்மை.

நீளத்தைப் பற்றி: அந்தப் பழைய ஷாக்கின் ஸ்ட்ரோக் எனக்குத் தேவையானதைவிட 8 மி.மீ. அதிகம். உள்ளே பிஸ்டனுக்கும் சீல் தலைக்கும் நடுவில் 8 மி.மீ. ஸ்பேஸர் போட்டால் ஸ்ட்ரோக்கும் குறையும், முழு நீளமும் அதே அளவு குறையும். கண்ணின் நீளத்தை வைத்து முழு நீளத்தைக் கம்பெனி அளவுக்குச் சரிசெய்துகொண்டோம்.

நீட்டிய நீளத்தைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். அதைவிட முக்கியம் அமுங்கிய நீளம். கம்பெனி ஷாக் முழுக்க அமுங்கும்போது கண்ணுக்குக் கண் எவ்வளவோ, அதைவிட நம்முடையது ஒரு மி.மீ. கூடக் குறையக் கூடாது. குறைந்தால் டயர் மட்கார்டிலோ, இன்னும் மோசமாக ஒயரிங்கிலோ போய் இடிக்கும். ஸ்பிரிங் இல்லாமல் ஷாக்கை மட்டும் மாட்டி, ஸ்விங்ஆர்மைக் கையால் கடைசி வரை தூக்கிப் பாருங்கள். செயின் எங்கே உரசுகிறது, பிரேக் ஹோஸ் எங்கே இழுக்கிறது எல்லாம் அப்போதே தெரிந்துவிடும். அதே கையோடு ஷாக் 10 மி.மீ. அமுங்கும்போது சக்கரம் எவ்வளவு ஏறுகிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு முதல் 10-க்கு 32, கடைசி 10-க்கு 26. போகப் போக லிங்கேஜ் விறைப்பைக் கூட்டுகிறது. அதனால் கணக்குப்பிள்ளையின் கணக்கில் ஓரிரு மி.மீ. தள்ளிப்போகும். மாட்டி அளந்தபோது ஆள் ஸேக் 65, வெறும் வண்டி 21. இதற்கு மேல் துல்லியம் எனக்குத் தேவையில்லை.


ஜவ்வாது_பயணி

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். ஷாக்கில் கை வைப்பதற்கு முன்னால் லிங்கேஜ் பேரிங்கைக் கழற்றிப் பாருங்கள். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் ஐப்பசி மழையில் முழங்கால் தண்ணீரில் ஓட்டிய வண்டி என்றால் நீடில் பேரிங்கில் கிரீஸுக்குப் பதில் துருதான் இருக்கும். அது இறுகிவிட்டால் எவ்வளவு நல்ல ஷாக் போட்டாலும் கட்டை மாதிரிதான் போகும். பாரிமுனையில் பேரிங், சீல் விற்கும் கடைகளில் அளவைச் சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள்.


புதுப்பேட்டை_பழசு

பேரிங் விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆயிலுக்கு யாரும் பதில் சொல்லவில்லையே? கெட்டி ஆயில் போட்டால் என்ன தப்பு?


கணக்குப்பிள்ளை

போடலாம். ஆனால் ஆயிலைக் கெட்டியாக்கினால் எல்லாமே ஒன்றாகக் கெட்டியாகும்: அமுங்குவது, திரும்பி வருவது, மெதுவான அசைவு, திடீர் அடி எல்லாம். நமக்கு வேண்டியது ஒன்றை மட்டும் கூட்டுவது.

ஷாக்குக்குள் ஆயில் இரண்டு வழியில் போகிறது. ஷாஃப்ட் மெதுவாக நகரும்போது ஊசித் துளை வழியாக. வெளியே நாம் திருகும் கிளிக்கர் அந்தத் துளையைத்தான் குறுக்குகிறது. ஷாஃப்ட் வேகமாக நகரும்போது அந்தத் துளை போதாமல், பிஸ்டனை மூடியிருக்கும் மெல்லிய ஷிம் தகடுகளை வளைத்துக்கொண்டு போகிறது. மெதுவு, வேகம் என்பதெல்லாம் ஷாஃப்டின் வேகம், வண்டியின் வேகம் இல்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் நூறில் போகும்போது ஷாஃப்ட் சும்மா அசைந்துகொண்டிருக்கலாம். தெருவுக்குள் இருபதில் வந்து ஒரு கூர்மையான ஸ்பீடு பிரேக்கரில் ஏறினால் அதுதான் வேகமான அடி.

அடைப்புக்குள் ஒரு புலம்பல்: சாலைகளுக்கு விதி வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-இல் வகுத்த விதிப்படி ஸ்பீடு பிரேக்கர் 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரத்தில் வளைந்து இருக்க வேண்டியிருந்தது. நம் தெருவில் இருப்பது ஒரு மூட்டை சிமென்டைக் கொட்டி நீளவாக்கில் தடவியது.

ஷிம்மின் விறைப்பு தடிமனின் மூன்றாம் அடுக்கில் ஏறும். 0.10 மி.மீ. தகட்டைவிட 0.15 தகடு 3.4 மடங்கு விறைப்பு. மூன்று 0.10 தகடுகளை அடுக்கினால் ஒரு 0.15-க்குக் கிட்ட வரும். அதனால் ஒரு மெல்லிய தகட்டைச் சேர்த்து எடுத்துப் பார்ப்பது நுணுக்கமான வேலை. ஆயிலை மாற்றுவது கோடரி வேலை.

தவிர, ஆயில் டப்பாவில் எழுதியிருக்கும் 5-டபிள்யூ, 10-டபிள்யூ எண்களை நம்பி ஒரு கம்பெனியை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. ஒருவரின் 5 இன்னொருவரின் 7-ஐப் போல இருக்கும். 40 டிகிரியில் எத்தனை சென்டிஸ்டோக்ஸ் (ஆயிலின் கெட்டித்தன்மைக்கான அளவு) என்று பாருங்கள். நம் ஊர் மே மாதத்தில் மலையேறினால் ஷாக் கை வைக்க முடியாதபடி சுடும். அப்போது ஆயில் எவ்வளவு இளகுகிறது என்பதுதான் முக்கியம். விஸ்காசிட்டி இன்டெக்ஸ் அதிகமாக இருப்பதை, அதாவது சூட்டில் குறைவாக இளகுவதை, வாங்குங்கள்.


புதுப்பேட்டை_பழசு

சரி சரி, விளக்கமாகச் சொன்னதால் ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் சோழவரம் ரேஸ் காலத்தில் இதெல்லாம் இல்லாமல்தான் ஓட்டினார்கள்.


பிரெஞ்சு_லூப்

பழசு அண்ணே, சோழவரத்தில் ஓடிக்கொண்டிருந்தபோதே இதெல்லாம் வந்துவிட்டது. ஒற்றைக் குழாய்க்குள் ஆயிலையும் அழுத்தமான வாயுவையும் மிதக்கும் பிஸ்டனால் பிரித்து வைக்கும் யோசனை 1950களில் பிரெஞ்சுப் பொறியாளர் த கார்பனுடையது. பின்சக்கரத்துக்கு இரண்டு ஷாக்குக்குப் பதில் ஒன்று போதும் என்று பெல்ஜியத்தின் டில்கென்ஸ் செய்து காட்டியதை யமஹா எடுத்துக்கொண்டது. 1973-இல் ஹோகன் ஆண்டர்சன் அந்த வண்டியில் 250 சிசி மோட்டோகிராஸ் உலகப் பட்டம் வென்றார். நாம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு வந்த பிறகுதான் அதைக் கவனித்தோம், அவ்வளவுதான்.


ரெண்டு_சக்கரம்

வாயு எதற்கு என்றே எனக்குப் புரியவில்லை. ஆயில் மட்டும் இருந்தால் போதாதா? நைட்ரஜன்தான் வேண்டுமா? பெட்ரோல் பங்கில் டயருக்கு அடிக்கிறார்களே, அங்கேயே கேட்டால்?


மண்ரோடு_மச்சான்

நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஷாக் அமுங்கும்போது ஷாஃப்ட் உள்ளே நுழைகிறது. அது நுழைந்த அளவு ஆயிலுக்கு ஒதுங்க இடம் வேண்டும், ஆயிலோ சுருங்காது. என் ஷாக்கில் 16 மி.மீ. ஷாஃப்ட் 65 மி.மீ. நுழைந்தால் 13 மி.லி. இடம். மிதக்கும் பிஸ்டனுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வாயு சுருங்கி அந்த இடத்தைக் கொடுக்கிறது. வாயுவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பிஸ்டன் வேகமாகப் போகும்போது அதன் பின்னால் அழுத்தம் விழுந்து ஆயில் நுரைக்கப் பார்க்கும். 10 பார் அழுத்தம் அதைத் தடுக்கிறது. நுரைத்த ஆயிலில் டேம்பிங் (அசைவை அடக்குவது) கிடையாது, மண் ரோட்டில் அரை மணி நேரத்தில் பின்பக்கம் படகு மாதிரி ஆடத் தொடங்கும்.

காற்றில் ஈரமும் ஆக்ஸிஜனும் இருக்கிறது. ஈரம் சூட்டில் அழுத்தத்தை ஏற்றும், துருவும் கொண்டுவரும். அதற்குத்தான் உலர்ந்த நைட்ரஜன். பங்கில் இருக்கும் மெஷின் டயர் அழுத்தத்துக்கானது. நமக்கு வேண்டியது சிலிண்டரும், 10 பாரை நிதானமாக விடும் ரெகுலேட்டரும். ஏ.சி. வேலை செய்பவர்களிடம் இரண்டும் இருக்கும்.

இதில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, மிதக்கும் பிஸ்டனை எந்த ஆழத்தில் வைக்கிறோம் என்பது. என்னுடையதில் வாயுவுக்கு 40 மி.லி. இடம். முழுக்க அமுங்கினால் அது 27 ஆகும், அழுத்தம் 10-லிருந்து 15 பார். பரவாயில்லை. ஆயிலைக் கூடுதலாக ஊற்றி வாயுவுக்கு 15 மி.லி. மட்டும் விட்டால்? கடைசியில் 2 மி.லி.தான் மிஞ்சும், அழுத்தம் 80 பாரைத் தாண்டும். முதல் பெரிய பள்ளத்தில் சீல் பிய்ந்துவிடும்.

இரண்டாவது, அழுத்தத்தைச் சோதிக்கிறேன் என்று டயர் கேஜை வைத்து அடிக்கடி பார்க்காதே. உள்ளே இருப்பது கொஞ்சம் வாயு. கேஜின் குழாயே அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், கழற்றும்போது 'புஸ்' என்று இன்னும் கொஞ்சம். பார்த்துப் பார்த்தே காலி செய்துவிடுவாய்.


அம்பத்தூர்_லேத்

கொட்டை எழுத்தில் போட வேண்டியதை மச்சான் விட்டுவிட்டார். வாயுவை முழுக்க வெளியேற்றாமல் எந்த மூடியையும் திறக்கக் கூடாது. முகத்தை நேரே வைத்துக்கொண்டு வால்வை அழுத்தக் கூடாது. கண்ணாடி போடுங்கள். 10 பார் என்பது உங்கள் கார் டயரைப் போல நாலு மடங்குக்கு மேல்.


வக்கீல்_ரைடர்

ஆர்.டி.ஓ. விஷயத்தை யாராவது கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, வாகனத்தின் அடிப்படை அம்சம் மாறும்படி அமைப்பில் செய்யும் மாற்றத்தைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளரின் மூல அளவுகளிலிருந்து மாற்றக் கூடாது என்று கறாராகச் சொன்னது. அதே நீளம், அதே மாட்டும் இடம் என்று வைத்திருப்பது என் பார்வையில் புத்திசாலித்தனம். நீளத்தைக் கூட்டி வண்டியை உயர்த்துவது வேறு கதை. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாரண்டி போகும் என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள்.


ஜவ்வாது_பயணி

மச்சான், கட்டியது போதும். டியூன் செய்ததைச் சொல்லுங்கள். எனக்கு அதுதான் தெரிய வேண்டும்.


மண்ரோடு_மச்சான்

ஸ்பிரிங் 95-லிருந்து 130 ஆனால் அது திருப்பித் தள்ளும் விசையும் கூடும். அதே நிதானம் வேண்டுமென்றால் ரீபவுண்டு டேம்பிங் சுமார் 17 சதவீதம் கூட வேண்டும், விறைப்பு எத்தனை மடங்கு கூடியதோ அதன் வர்க்கமூலம். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டு "வண்டி குதிக்குது" என்பவர்களுக்கு இதுதான் காரணம். நான் ரீபவுண்டு பக்கத்தில் ஒரு 0.15 தகட்டைச் சேர்த்தேன், தகடுகளை இறுக்கிப் பிடிக்கும் சின்னத் தகட்டின் விட்டத்தை 12-லிருந்து 14 ஆக்கினேன். கம்ப்ரெஷன், அதாவது அமுங்கும், பக்கத்தில் கையே வைக்கவில்லை. வெளியில் திருகியே சரியாகிவிட்டது.

சோதிக்க ஒரே ரோடு, ஒரே வேகம், ஒரே டயர் அழுத்தம். கேளம்பாக்கம் தாண்டித் திருப்போரூர்ப் பக்கம் உள்ளே போகும் ஒரு ரோடு எனக்கு வசதி. நல்ல தார், பெயர்ந்த தார், கல் ரோடு மூன்றும் அடுத்தடுத்து வரும். ஞாயிறு விடியற்காலையில் ஆடு மாடு குறைவு. ஒரு முறைக்கு ஒரு திருகு மட்டும். கிளிக்குகளை எப்போதும் முழுக்க மூடிய நிலையிலிருந்து எண்ணுங்கள். ஷாஃப்டில் ஓர் ஓ-ரிங்கை (ரப்பர் வளையம்) மாட்டிவிட்டால், எவ்வளவு தூரம் அமுங்கியது என்று அது தள்ளிப்போன இடம் காட்டும். மோசமான இடத்தில் கடைசி 5 மி.மீ. மிச்சம் இருந்தால் போதும். எப்போதும் 20 மி.மீ. மிஞ்சுகிறது என்றால் வீணாக விறைப்பாக ஓட்டுகிறீர்கள்.

உணர்வை எப்படிப் படிப்பது என்றால்: ஸ்பீடு பிரேக்கரைத் தாண்டியதும் சீட் பின்னாலிருந்து உதைத்தால் ரீபவுண்டு போதவில்லை. இதற்கு நேர் எதிர்தான் பலரை ஏமாற்றுகிறது. தொடர்ந்து சின்னச் சின்ன மேடு பள்ளம் இருக்கும் மண் ரோட்டில் முதல் ஐம்பது மீட்டர் நன்றாக இருந்து, போகப் போக வண்டி இறுகிக்கொண்டே வந்தால் ரீபவுண்டு அதிகம். ஒரு பள்ளத்திலிருந்து எழுவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது, ஷாக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளேயே இறங்கிவிடுகிறது. "ஹார்டா இருக்கு" என்று இங்கே கம்ப்ரெஷனைக் குறைத்தால் இன்னும் மோசமாகும். கூர்மையான விளிம்பில் மட்டும் முதுகில் அடித்தால் கம்ப்ரெஷன் திருகைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள், ப்ரீலோடையும் ஒரு தடவை பாருங்கள்.

இப்போது ரீபவுண்டு 11 கிளிக் வெளியே, கம்ப்ரெஷன் 14. மலைக்கு மூட்டையோடு போனால் ரீபவுண்டை இரண்டு கிளிக் மூடுவேன். இதை அப்படியே உங்கள் வண்டியில் போட்டால் ஒன்றும் நடக்காது, என் ஷிம் அடுக்கு வேறு.


நெறியாளர்

முன் ஃபோர்க் பற்றி வந்த பதிவுகளைத் தனி இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். பின்பக்கத்தைச் சரிசெய்ததும் முன்பக்கம் மெலிசாகத் தெரிவது எல்லாருக்கும் நடப்பதுதான், அங்கே பேசுங்கள்.


ஈசிஆர்_உப்புக்காற்று

கோவளத்தில் வீடு. ஷாஃப்டில் புள்ளி புள்ளியாகத் துரு வருகிறது. துணி உறை மாட்டலாமா?


அம்பத்தூர்_லேத்

உறை மாட்டினால் மணலும் உப்பும் அதற்குள்ளேயே தங்கும். கழற்றித் துவைக்கும் பழக்கம் இருந்தால் மாட்டுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். கடற்கரைப் பக்கம் போய்வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, ஷாஃப்டைத் துணியால் துடையுங்கள். புள்ளி நகத்தில் தட்டுப்பட்டால் அது சீலைக் கிழிக்கும், மறுபடி குரோம் ஏற்ற வேண்டும்.


ரெண்டு_சக்கரம்

கடைசியாக ஒன்று அண்ணே. எடையில் நானும் உங்களைப் போலத்தான், ஆனால் எப்போதும் வீட்டுக்காரியோடுதான் போவேன். அவள் 55 கிலோ. அதே 130 ஸ்பிரிங் போதுமா?


கணக்குப்பிள்ளை

அவர்கள் எடையில் 50 கிலோ பின்னச்சில் விழும். 130-இல் அதற்கு மட்டும் 11 மி.மீ. ப்ரீலோடு கூடுதலாக வேண்டும், மொத்தம் 21. மச்சானின் ஸ்பிரிங்கில் அதிகபட்சம் 16, 21 வரை ஏற்றினால் இடைவெளி தீர்ந்து சுற்று முட்டும். அதே சுருளை 13 மி.மீ. கம்பியில் சுற்றச் சொல்லுங்கள், 150-ஐக் கொஞ்சம் தாண்டும். இருவருக்கு 15 மி.மீ. ப்ரீலோடு, தனியாகப் போனால் 6. முழு நீளம் 180-க்குப் பதில் 185 வையுங்கள். ஸ்பிரிங்கின் உள்விட்டம் 54.5 ஆகக் குறையும், உங்கள் ஷாக்கின் காலர் அதற்குள் நுழைகிறதா என்று கேலிப்பரில் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.


மண்ரோடு_மச்சான்

ரீபவுண்டு ஷிம்மும் இன்னொரு தகடு கேட்கும். என்னிடம் 0.10, 0.15 தகடுகள் மிச்சம் இருக்கின்றன. ஷாக்கைத் திறக்கும் முன் சொல் தம்பி, எடுத்துக்கொண்டு அண்ணன் பட்டறைக்கு வருகிறேன்.